மழலைப் பேச்சும் பெற்றோர் கடமையும்

(பரிசளிப்பு விழாவில் பெற்றோர் முன் ஆற்றிய உரை)

 

பேச்சுப் போட்டியிலும் கவிதை ஒப்புவித்தலிலும் வென்ற பிள்ளைகள் சற்று முன்புதான் இந்த மேடையில் பரிசு வாங்கினார்கள். நாம் எல்லோரும் கை தட்டினோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் நான் இப்போது பேச எழுந்திருப்பது மேடைக்கு வராத பிள்ளைகளைப் பற்றி. வாயைத் திறந்தால் யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்து, பதில் தெரிந்தும் தலையைக் குனிந்து கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முதலாம் ஆண்டு வகுப்பில் இப்படி ஒன்றிரண்டு பேரை அடிக்கடி பார்க்கிறேன். "டீச்சர், அவனுக்கு நாக்குத் தடிப்பு", "அவளுக்குப் பேச்சு சரியா வராது" என்று பெற்றவர்களே சொல்லி விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நாக்கிலும் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. பேச்சு எப்படி வருகிறது என்பது நமக்குத் தெரியாததுதான் குறை. அதைத்தான் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன்.

பேச்சு காதில் தொடங்குகிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே, கடைசி மூன்று மாதங்களில், குழந்தைக்குக் காது கேட்கிறது. பிறந்த சில நாள்களிலேயே மற்றவர் குரலிலிருந்து தாயின் குரலை அது பிரித்து அறிகிறது. நாம் என்ன நினைக்கிறோம்? "பச்சப் புள்ளைக்கு என்னா தெரியும்" என்று நினைக்கிறோம். அதற்கு நிறையத் தெரியும்.

கனடா நாட்டில் ஜேனட் வெர்க்கர் என்ற அம்மையாரும் உடன் பணியாற்றியவரும் 1984ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் இரண்டு ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். அவை நம் தமிழிலும் உள்ளவைதான். ஒன்று 'பத்து' என்பதில் வரும் த. மற்றொன்று 'பட்டு' என்பதில் வரும் ட. ஆங்கிலம் பேசும் பெரியவர்களின் காதுக்கு இவற்றின் வேறுபாடு எளிதில் எட்டாது. ஆனால் அந்த வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் இரண்டையும் பிரித்து அறிந்தன. அதே வேறுபாடு 10 முதல் 12 மாத வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெரியாமல் போய்விட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கோ அந்தத் திறன் அப்படியே இருந்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? எல்லா மொழிகளின் ஒலிகளுக்கும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குழந்தை பிறக்கிறது. வீட்டில் எதைக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்கிறது. கேட்காததை மெல்ல விட்டுவிடுகிறது. அப்படியென்றால், பதில் பேசத் தெரியாத பிள்ளையிடம் நாம் பேசுகிற ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் அதன் காதில் விதைக்கிற விதை. குளிப்பாட்டும்போது பேசுங்கள். சோறு ஊட்டும்போது பேசுங்கள். தொட்டிலை ஆட்டும்போது இரண்டு வரி தாலாட்டுப் பாடுங்கள். குரல் நன்றாக இல்லையென்றாலும் பரவாயில்லை, பிள்ளை குறை சொல்லாது!

"அதான் கைத்தொலைபேசியில பாட்டுப் போட்டு விடுறோமே" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, 12 முறை, விளையாட்டுக் காட்டிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளை நன்றாகப் பிரித்து அறிந்தன. இன்னொரு கூட்டத்துக் குழந்தைகளுக்கு அதே பேச்சைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அவை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. திரையில் வருவது சத்தம்தான். பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சிரித்து, அது ஒரு சத்தம் போட்டால் பதிலுக்கு ஒரு சத்தம் போடுகிற ஆள் திரைக்குள் இல்லை. வீட்டில் பாட்டி இருந்தால் அந்தப் பாட்டியின் மடிதான் பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம்.

காதுக்கு அடுத்தது வாய். பிறந்த குழந்தைக்கு அழுகை ஒன்றுதான் தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் 'ஊ', 'ஆ' என்று கொஞ்சும். ஆறு ஏழு மாதம் ஆனால் 'பபப', 'மமம', 'ததத' என்று அடுக்கிக்கொண்டு போகும். ஏறக்குறைய ஒரு வயதில் முதல் சொல் வரும்.

அந்த முதல் சொற்களைக் கவனித்தீர்களா? அம்மா, அப்பா, மாமா, பாப்பா, தாத்தா. எல்லாம் ம, ப, த. மலாய்க்காரப் பிள்ளை 'மாக்', 'பாபா' என்கிறது. சீனப் பிள்ளை 'மாமா', 'பாபா' என்கிறது. காரணம் எளியது. உதட்டை மூடித் திறந்தால் ப வரும். மூடிய உதட்டோடு மூக்கு வழியாக ஒலித்தால் ம வரும். பால் குடித்துப் பழகிய உதட்டுக்கு இது சுலபமான வேலை. அதனால்தான் உலகத்தின் பல மொழிகளில் பெற்றவர்களின் பெயர்கள் இந்த ஒலிகளிலேயே அமைந்திருக்கின்றன என்று ரோமன் யாக்கப்சன் என்ற மொழியறிஞர் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

நம் முன்னோர்களும் இதை ஆராயாமல் இல்லை. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, கழுத்து, நெஞ்சு, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் என்ற எட்டு இடங்களின் துணையால் எழுத்தாகிறது என்றும், எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே தொடுகிறது என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. நம் நெடுங்கணக்கின் வரிசையை வாயால் சொல்லிப் பாருங்கள். க, ச, ட, த, ப. முதல் எழுத்து அடிநாக்கில் பிறக்கிறது. கடைசி எழுத்து உதட்டில் பிறக்கிறது. பிள்ளையோ உதட்டிலிருந்து ஆரம்பிக்கிறது. நாம் உள்ளேயிருந்து வெளியே எழுதி வைத்திருக்கிறோம், பிள்ளை பெரும்பாலும் வெளியேயிருந்து உள்ளே போகிறது.

ஆகவே ப, ம, த, ந போன்றவை முதலில் வருவதும், நாக்கை மடக்கி, தூக்கி, அதிர வைத்துச் சொல்ல வேண்டிய ர, ற, ள, ழ ஆகியவை பிந்தி வருவதும் இயற்கை. வராத எழுத்துக்குப் பதிலாகப் பிள்ளை தனக்கு வருகிற எழுத்தைப் போட்டுக்கொள்ளும். 'காக்கா' என்பது 'தாத்தா' ஆகும். 'மரம்' என்பது 'மயம்' ஆகும். 'குரங்கு' 'குயங்கு' ஆகும். 'சர்க்கரை' 'தக்கயை' ஆகும். நீளமான சொல்லாக இருந்தால் தலையை வெட்டிவிடும். 'தக்காளி' 'காளி' ஆகிவிடுவாள்! இதைத்தான் நாம் மழலை என்கிறோம். மலாய்க்காரர்கள் 'பெலாட்' என்கிறார்கள். பேச்சு ஒழுங்காக வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. பிள்ளை தவறாகச் சொல்கிறது என்பதால் அதன் மனத்திலும் தவறாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஜீன் பெர்க்கோ, ரோஜர் பிரவுன் என்ற இருவர் 1960ஆம் ஆண்டில் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பிள்ளையிடம் ஒரு பிளாஸ்டிக் மீன் பொம்மை இருந்தது. மீனுக்கு ஆங்கிலத்தில் 'ஃபிஷ்' என்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கு 'ஃபிஸ்' என்றுதான் வந்தது. "இது உன் ஃபிஸ்ஸா?" என்று பெரியவர் கேட்டார். "இல்லை, என் ஃபிஸ்!" என்றது பிள்ளை. மறுபடியும் கேட்டார், மறுபடியும் மறுத்தது. "இது உன் ஃபிஷ்ஷா?" என்று கேட்டதும்தான், "ஆமாம், என் ஃபிஸ்" என்று ஒப்புக்கொண்டது.

புரிகிறதா, பெற்றோர்களே? அதன் காதுக்குச் சரி எது, தவறு எது என்று தெரியும். நாக்குத்தான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆகவே நாம் பிள்ளை மாதிரியே கோணலாகப் பேசிக் காட்டினால் அது தன்னைக் கேலி செய்வதாகவே எடுத்துக்கொள்ளும்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஒரு பையன் இருந்தான். சின்ன வயதில் காக்காவைப் பார்த்துத் 'தாத்தா' என்று சொன்னானாம். பெரியவர்களுக்கு ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் நிறுத்தி, "டேய், அது என்னா, சொல்லு" என்று சொல்லச் சொல்லிச் சிரிப்பார்களாம். லயம் முழுக்க அவனுக்குத் 'தாத்தா' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். முதலாம் ஆண்டுக்கு வந்தபோது அவன் வாயைத் திறக்கவே மாட்டான். எழுத்து அழகாக இருக்கும். கணக்கு சரியாக இருக்கும். வாசிக்கச் சொன்னால் கண்ணில் நீர் நிற்கும். ஒரு நாள் பள்ளி முடிந்த பிறகு, வாசலில் உட்கார்ந்து தன் தங்கைக்குப் பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து கேட்டேன். 'க' எழுத்து ஒன்றில்கூடப் பிசகில்லை. நாக்கு எப்போதோ திருந்திவிட்டது. சிரிப்பு மட்டும் அவன் மனத்தைவிட்டுப் போகவில்லை.

அவன் தாயாரைக் கூப்பிட்டுப் பேசினேன். அந்த அம்மா புத்திசாலி. இனிமேல் அந்தப் பெயரை யார் சொன்னாலும் வீட்டில் காப்பி கிடையாது என்று சொல்லிவிட்டார்! ஆண்டு முடிவதற்குள் அவன் வகுப்பில் எழுந்து வாசித்தான். மெதுவாகத்தான், ஆனால் வாசித்தான்.

வள்ளுவர் குழலையும் யாழையும்விட இனியது மழலைச் சொல் என்றார். அதைக் கேட்டு மகிழச் சொன்னாரே தவிர, பத்துப் பேரைக் கூட்டி வைத்துச் சிரிக்கச் சொல்லவில்லை.

சரி, பெற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்? நான் கண்ட சில வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, திருத்தாமல் திருத்துங்கள். பிள்ளை "தக்கயை வேணும்" என்றால், "ஒழுங்கா சொன்னாத்தான் தருவேன்" என்று மிரட்டாதீர்கள். "சர்க்கரை வேணுமா? இந்தா சர்க்கரை" என்று சொல்லிக்கொண்டே கொடுங்கள். சரியான சொல் இரண்டு முறை காதில் விழுந்துவிட்டது. பிள்ளைக்கும் வெட்கமில்லை.

இரண்டு, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். உதடும் நாக்கும் எப்படி அசைகின்றன என்று பிள்ளை பார்க்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளையாக இருந்தால் ஒரு கண்ணாடி முன் உட்கார வைத்து விளையாட்டுப் போலச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்று, வயதுக்கு மீறி எதிர்பார்க்காதீர்கள். பொதுவாக இரண்டு வயதுப் பிள்ளை பேசுவதில் பாதி வெளியாருக்குப் புரியும். மூன்று வயதில் முக்கால் பங்கு புரியும். நான்கு வயதில் பெரும்பாலும் எல்லாமே புரிய வேண்டும். 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். எந்த மொழியானாலும், ஐந்து வயதுக்குள் பெரும்பாலான மெய்யொலிகள் பிள்ளைகளுக்கு வந்துவிடுகின்றன என்பது அதன் முடிவு. ஓரிரு கடினமான ஒலிகள் அதற்குப் பிறகும் தாமதிக்கலாம். ஆறு ஏழு வயதில் முன்பல் விழுந்து 'ச' எழுத்தில் காற்றுப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நான்கு, நாமும் சரியாகப் பேச வேண்டும். "என் பையனுக்கு ழகரமே வரல டீச்சர்" என்று ஒரு தந்தை வருத்தப்பட்டார். அடுத்த வாக்கியத்திலேயே, "பள்ளிக்கூடத்துல வாளப்பளம் குடுத்தாங்களாமே" என்றார்! பிள்ளையின் நாக்கைக் குறை சொல்லி என்ன பயன்? அவன் வீட்டில் கேட்டதைத்தான் சொல்கிறான். நம் பேச்சுத் தமிழில் பலர் வாயில் ழகரம் ளகரமாகிவிட்டது. அது பாவமில்லை. ஆனால் பிள்ளைக்கு அது எழுத்துப்பிழையாக வந்து முடிகிறது. சொல்வதெழுதுதலில் 'வழி' என்று நான் சொன்னால் ஒருவன் 'வலி' என்று எழுதுகிறான், இன்னொருவன் 'வளி' என்று எழுதுகிறான். 'பள்ளிக்குப் போகிறேன்' என்பது 'பல்லிக்குப் போகிறேன்' ஆகிறது!

இந்த மூன்றையும் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம். இப்போதே என்னோடு செய்து பாருங்கள். நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஈறில் வையுங்கள், ல வரும். நுனியைப் பின்னால் மடக்கி மேலண்ணத்தைத் தொடுங்கள், ள வரும். அதே மாதிரி மடக்கி, அண்ணத்தைத் தொடாமல் நிறுத்தி ஒலியுங்கள், ழ வந்துவிடும். மழை, பழம், தமிழ். அவ்வளவுதான்! பெரியவர்களே இத்தனை பேர் சிரித்துக்கொண்டு முயற்சி செய்கிறீர்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஐந்து, பல மொழிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். "வீட்டுல தமிழ், வெளியில மலாய், பள்ளியில இங்கிலீஷும் சேர்ந்தா புள்ளை கொழம்பிடும்" என்று எண்ணி, சிலர் வீட்டில் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று மொழிகள் கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சுக் கோளாறு வருவதில்லை. தாய்க்கு எந்த மொழி சரளமாக வருமோ அந்த மொழியில் நிறையப் பேசுவதுதான் பிள்ளைக்கு நல்லது. அரைகுறை ஆங்கிலத்தில் நாலு சொல் கேட்பதைவிட, நல்ல தமிழில் நானூறு சொல் கேட்பது பிள்ளையின் பேச்சுக்கு உரம்.

கடைசியாக, எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாமே தானாகச் சரியாகும் என்று நான் சொல்ல வரவில்லை.

பத்து மாதம் ஆகியும் 'பபப', 'மமம' என்று அடுக்கிச் சொல்லாத குழந்தை, ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராத குழந்தை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை, நான்கு வயதில் வெளியாருக்குப் பேச்சே புரியாத பிள்ளை. இவர்களை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகள் போலவே சத்தம் போடும். அதனால் பெற்றவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள்.

பிறவியில் நன்றாகக் கேட்கிற காதும் பின்னால் அடைத்துக்கொள்ளலாம். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிவிடும். அப்போது பேச்சு, தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டு கேட்பது மாதிரி மங்கலாகக் கேட்கும். மங்கலாகக் கேட்டதை மங்கலாகத்தானே சொல்ல முடியும்? ஒரு பெண் பிள்ளை எதைக் கேட்டாலும் 'ஆங்?' என்பாள். சொற்களின் கடைசியை விழுங்கிவிடுவாள். வீட்டில் அவளை 'மண்டு' என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். காதில் சீழ் வடியும்போதெல்லாம் பாட்டி எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறார். பாசத்தினால் செய்ததுதான். ஆனால் சீழ் வடிகிற காதில் எண்ணெயோ பச்சிலைச் சாறோ ஊற்றவே கூடாது. அவளைக் கிளினிக்குக்கு அனுப்பினோம், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வைத்தியம் முடிந்த பிறகு, அவளை முன் வரிசையில் உட்கார வைத்தேன். மெல்ல மெல்லச் சொற்களுக்கு வால் முளைத்தது. அவள் மண்டுவாக ஒரு நாளும் இருந்ததில்லை.

நாக்கில் வசம்பு தேய்ப்பதும், பொன்னை உரசித் தடவுவதும் நம்மிடையே உள்ள பழக்கம். ஆசீர்வாதமாக இருக்கலாம், ஆனால் பேச்சு வர அது மருந்தாகாது. நாக்குக் கட்டு என்று ஒன்று உண்டு என்பது உண்மை. அது இருக்கிறதா, அதனால்தான் பேச்சு தடைப்படுகிறதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா சொல்லக் கூடாது. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப் போடாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் ஒரு நண்பன் 'மயம்' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். நீங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னீர்கள். நம்பிக்கை இல்லையென்றால் இன்று இரவு உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நாளை டாக்டராகலாம், லாரி ஓட்டலாம், இதே பள்ளியில் ஆசிரியராகவும் வரலாம். எதுவானாலும், தன் நியாயத்தைத் தானே எழுந்து நின்று சொல்லத் தெரிய வேண்டும். நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் எத்தனையோ விஷயங்களில் வாய் மூடி இருந்திருக்கிறார்கள். பேசினால் வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் வேண்டாம். வீட்டிலேயே சிரித்துச் சிரித்து அவர்கள் வாயை நாமே மூடிவிடவும் வேண்டாம். மழலையைப் பொறுமையோடு கேளுங்கள், பிழையை அன்போடு மாற்றுங்கள், சந்தேகம் வந்தால் காதைச் சோதியுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் இன்னும் சில புதிய குரல்களைக் கேட்போம்.